பள்ளி பேஸ்பால் அம்பயராக முதல் சீசன்: பரீட்சையில் தேறிவிட்டேன், மைதானத்தில் கை முந்திக்கொள்கிறது

மோரிஸ்வில் அப்பா கேட்டது:

வணக்கம். நான் இருப்பது வட கரோலினாவில், கேரிக்குப் பக்கத்தில். சென்னையில் படித்த காலத்தில் லீக் கிரிக்கெட் ஆடினேன். ஐந்தாவது டிவிஷன்தான், பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இங்கே வந்த பிறகு பத்து வருடமாக சனிக்கிழமை டென்னிஸ் பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். வீட்டுப் பக்கத்திலிருக்கும் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்குக்கு 2023-இல் மேஜர் லீக் கிரிக்கெட்டே வந்தது. மகனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கேரியில் யு.எஸ்.ஏ. பேஸ்பால் பயிற்சி வளாகம் இருக்கிறதல்லவா, அங்கே கூட்டிப்போ என்று நச்சரித்து, இப்போது பள்ளி ஜே.வி. அணியில் (பிரதான அணிக்கு அடுத்த நிலை) செகண்ட் பேஸ் ஆடுகிறான்.

போன வருடம் அவனுடைய இரண்டு ஆட்டங்கள் அம்பயர் கிடைக்காமல் தள்ளிப்போயின. ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும், பேட்டர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் நின்றபடியே நாலு பேஸையும் அவரே பார்த்தார். அதையும் விடாமல் கேலரியில் ஒருவர் ஏழு இன்னிங்ஸும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரியே நான் அம்பயராகப் பதிவு செய்தேன். (மகன் படிக்கும் பள்ளியின் ஆட்டங்கள் எனக்கு வராது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவனுக்குத்தான் நிம்மதி.)

என்.எஃப்.எச்.எஸ். (பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். ஆன்லைன் பரீட்சையில் 88. கிளினிக் என்கிற அம்பயர் பயிற்சி முகாமுக்கும் போனேன். எல்லாம் சரி, போன வாரம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பேஸ் அம்பயராக விட்டார்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறான், ரன்னருக்கு இன்னும் ஒரு எட்டு பாக்கி, பந்து கையுறைக்குள் போய்விட்டது. என் முஷ்டி தானாக மேலே போனது. "அவுட்!" என்று கத்தி முடிக்கும்போது பந்து கையுறையிலிருந்து வழுக்கித் தரையில் உருண்டுகொண்டிருக்கிறது. "இல்லை இல்லை, சேஃப்" என்றேன். பயிற்சி ஆட்டம் என்பதால் கோச் சிரித்தார். நிஜ ஆட்டமாக இருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

பிப்ரவரிக் கடைசியில் சீசன். ஐந்து வாரம் இருக்கிறது. இந்த ஐந்து வாரத்தில் எதைத் தயார் செய்வது? புத்தகத்தை மூன்றாவது முறை படிக்கவா? கிரிக்கெட் அம்பயரிங் பழக்கம் உதவுமா, கெடுக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜெர்சி நெல்லையான்:

தம்பி (உங்கள் வயது தெரியாது, ஆனால் முதல் சீசன் என்றால் தம்பிதான்), எனக்கு இது பன்னிரண்டாவது சீசன். நியூ ஜெர்சி. உங்கள் ஊரில் பிப்ரவரியில் ஆடுவார்கள், எங்களுக்கு ஏப்ரலிலேயே கை விறைத்து கிளிக்கர் (பந்து எண்ணும் கைக்கருவி) நகராது. பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிரிக்கெட் பழக்கத்தில் கெடுப்பது இரண்டு. முதலாவது, அங்கே யாராவது அப்பீல் செய்தால்தான் நாம் அவுட் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் அவுட் இல்லை. பத்து வருடம் அப்படி நின்றவருக்கு, யாரும் கேட்காத இடத்தில் தானாக வாய் திறப்பது கஷ்டம். பிளேட்டுக்குப் பின்னால் நின்றால் பேட்டர் தொடாத ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். இரண்டாவது, சந்தேகத்தின் பலன் பேட்டருக்கு என்ற எண்ணம். முதல் இரண்டு வருடம் நான் ஓரத்தில் உரசிப்போன பந்தையெல்லாம் "பால்" (ஸ்ட்ரைக் இல்லாத பந்து) என்று விட்டேன். பிளேட்டின் அகலம் 17 அங்குலம், பந்தின் ஒரு ஓரம் அதன் மேல் பட்டாலும் ஸ்ட்ரைக். நான் அந்த ஓரத்தைக் கொடுக்காததால் பிட்சர்கள் நடுவில் போட்டார்கள், வாக் (நாலு பால் ஆனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) மேல் வாக், ஆட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது. ஒரு கேட்சர் பையன் திரும்பாமலே மெதுவாகக் கேட்டான், "சார், அது எங்கே போச்சு?" மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குப் பதில் இல்லை.

உதவுவது ஒன்று உண்டு: உங்கள் காது. பேட்டில் லேசாக உரசி கீப்பரிடம் போகும் கேட்சை நாம் பாதி கேட்டுத்தானே கொடுப்போம்? முதல் பேஸ் ஆட்டமும் அதேதான். கண் பேஸின் மேல், ரன்னரின் கால் படும் இடத்தில். காது கையுறையில். "டப்" சத்தம் முதலில் வந்ததா, கால் முதலில் பட்டதா? எறிகிற பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கால் பட்டதைப் பார்க்கவே முடியாது. பந்து வரும் திசைக்குச் செங்கோணமாக, பேஸிலிருந்து பதினைந்து பதினெட்டு அடி தள்ளி நில்லுங்கள். ஆர்வத்தில் பக்கத்தில் ஓடிப்போகாதீர்கள், எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும்.

இப்போது உங்கள் முஷ்டி விஷயம். விதி தெரியாததால் வந்தது இல்லை, அவசரத்தால் வந்தது. அவசரம் எல்லாருக்கும் உண்டு. நான் மனசுக்குள் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன். சத்தம் கேட்டதும் "ஆச்சா?" என்று கேட்பேன். கண் பேஸிலிருந்து மேலேறி கையுறைக்குப் போகும். பந்து உள்ளே இருப்பது தெரிந்ததும் "ஆச்சு." அதற்குப் பிறகுதான் கை. அரை விநாடி, முக்கால் விநாடி ஆகும். உங்களுக்கு அது ஒரு யுகம் மாதிரி இருக்கும், பார்ப்பவருக்கு நீங்கள் நிதானமான ஆள் என்று தோன்றும். பிளேட்டுக்குப் பின்னாலும் இதேதான்: பந்து கேட்சரின் கையுறைக்குள் போகும்வரை கண்ணால் தொடர்ந்து, "ஆச்சா, ஆச்சு", பிறகு "ஸ்ட்ரைக்". வீட்டில் கண்ணாடி முன் பழகுங்கள். மனைவி ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

புத்தகத்தை மூன்றாவது முறை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். பத்தே விதிகள். இரண்டாவது விதி முழுக்கச் சொல்விளக்கம், அதை மட்டும் தினம் நாலு பக்கம் படியுங்கள். கேட்ச் என்றால் என்ன, டேக் என்றால் என்ன, ஆப்ஸ்ட்ரக்‌ஷன் என்றால் என்ன என்று அங்கே எழுதியிருப்பது வாயில் வந்துவிட்டால், மைதானத்தில் வருகிற சண்டையில் பாதி தீர்ந்தது. அப்புறம் கேஸ் புக். அதில் வருகிற ஒவ்வொரு சம்பவத்துக்கும் விடையை மூடிவைத்து, சத்தமாகத் தீர்ப்பு சொல்லுங்கள்: யார் அவுட், பந்து உயிரோடு இருக்கிறதா, ரன்னர்களை எங்கே நிறுத்துவது. பரீட்சையில் நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும், மைதானத்தில் விடைகளையும் நாமேதான் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய எதிரி டிவி. நம் தலையில் இருக்கும் பேஸ்பால் பெரும்பாலும் மேஜர் லீக்கில் பார்த்தது. பள்ளி விதி பல இடத்தில் வேறு. பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன்.

என் மூன்றாவது சீசன். இரண்டு அவுட், இரண்டாவது பேஸில் ரன்னர், ஆட்டம் 3-3. பிட்சர் செட் நிலையில் கைகளைச் சேர்த்துவிட்டு ஒரு கணம் நிற்க வேண்டும், இவன் நிற்காமலே வீசினான். "பால்க்" (பிட்சர் செய்யக் கூடாத அசைவு) என்றேன். பேட்டர் அதை இடது-நடு இடைவெளியில் அடித்தான். ரன்னர் வீடு வந்தான், பேட்டர் இரண்டாவது பேஸில் நின்று கைதட்டுகிறான். நான் டிவியில் பார்த்தபடி, எல்லாரும் ஒரு பேஸாவது முன்னேறிவிட்டார்கள், ஆகவே பால்கை மறந்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஃபீல்டிங் அணியின் கோச் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். கத்தவில்லை. "இது பள்ளி ஆட்டம். பால்க் என்றால் பந்து அந்தக் கணமே செத்தது, இல்லையா?" என்றார். ஆமாம். ரன்னைக் கழித்தோம். ரன்னர் மூன்றாவது பேஸுக்கு, டபுள் அடித்த பையன் மறுபடி பேட் பிடிக்க. அடுத்த பந்தில் பாப் அப், இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு பக்க கேலரி முழுக்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. இப்போதெல்லாம் பால்க் என்றால் இரண்டு கையையும் தூக்கி, "டைம்! பால்க்!" என்று பக்கத்து மைதானத்துக்கும் கேட்கச் சொல்கிறேன். பேட்டர் அடிக்காமல் நின்றுவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

அதே மாதிரி, பிட்சர் பேஸை நோக்கி எறிவதற்கு 2023-இலிருந்து மேஜர் லீக்கில் இருக்கிற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இங்கே கிடையாது. செட் நிலையிலிருந்து மூன்றாவது பேஸுக்குப் பாவ்லா காட்டுவது அங்கே 2013-இலிருந்து பால்க், இங்கே ஒழுங்காக அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தால் செல்லும். ஃபோர்ஸ் பிளே (ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டிய நிலை) சறுக்கலை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஒரே பந்தில் இரண்டு அவுட் எடுக்கிற டபுள் பிளேயைக் கெடுக்க ரன்னர் பேஸை விட்டு விலகி ஃபீல்டரின் காலுக்குச் சறுக்கினால், அந்த ரன்னரும் அவுட், பேட்டர்-ரன்னரும் அவுட், மற்றவர்கள் பந்து வீசியபோது இருந்த பேஸுக்குத் திரும்ப வேண்டும். சறுக்கியே ஆக வேண்டும் என்று விதி இல்லை, சறுக்கினால் நேராகச் சறுக்க வேண்டும். "அவன் சறுக்கவே இல்லையே சார்" என்று கத்துகிற அப்பா வாரம் ஒருவர் வருவார்.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் கிரிக்கெட் மனசு குதூகலிக்கும். பேஸை மிதிக்காமல் ஓடியவனை நாமாக அவுட் கொடுக்கக் கூடாது, எதிரணி அப்பீல் செய்ய வேண்டும். பந்து செத்திருக்கும்போது கோச் வாயால் சொன்னாலே போதும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் முகத்தில் காட்டக் கூடாது. பழகின வேலை.

கடைசியாக ஒன்று, செலவில்லாதது. பிப்ரவரியில் எல்லா அணிகளும் புல்பென்னில் பந்து வீசிப் பழகும். பக்கத்துப் பள்ளி கோச்சுக்கு எழுதி, "கேட்சருக்குப் பின்னால் நின்று பந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக வரச் சொல்வார்கள். முழுக் கவசத்தோடு போங்கள். பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவில் இருக்கும் சந்தில், தாடை கேட்சரின் தலைக்கு மேல் இருக்கும்படி நின்று, நூறு பந்து தலையை ஆட்டாமல் பாருங்கள். முதல் இருபது பந்துக்குக் கண் தானாக மூடும். மூடட்டும். பிறகு நின்றுவிடும்.

ஸ்கோர்புக் அம்மா:

நான் அம்பயர் இல்லை. டெக்சாஸில் என் பையன் அணிக்கு மூன்று வருடமாக ஸ்கோர்புக் எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள்: மாற்றங்களை எங்களிடமும் வந்து சொல்லுங்கள். பிட்சருக்கோ கேட்சருக்கோ பதிலாக ஓடும் கர்ட்டெசி ரன்னர் இருக்கிறானே, அவன் அந்த ஆட்டத்தில் அதுவரை இறங்கியிருக்கக் கூடாது, ஒரே பையன் இரண்டு பேருக்கும் ஓடவும் கூடாது. கோச் கைகாட்டுவார், அம்பயர் தலையாட்டுவார், என் புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணி வந்து "இவன் ஏற்கெனவே கேட்சருக்கு ஓடினானே" என்றால் மூன்று பேரும் மூன்று காகிதத்தை வைத்துக்கொண்டு முழிப்போம்.

பந்து எண்ணிக்கையையும் கேட்பார்கள். 2017-இலிருந்து ஒவ்வொரு மாநிலமும் பிட்சருக்கு ஒரு எல்லை வைத்தே ஆக வேண்டும். எங்கள் ஆட்டங்களில் எண்ணுவது நாங்கள்தான், இரண்டு ஸ்கோரரும் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் சரிபார்த்துக்கொள்வோம். உங்கள் சங்கத்தில் யார் பொறுப்பு என்று சீசனுக்கு முன்பே கேட்டுவையுங்கள்.

கேலரியில் கத்துகிறவர் பற்றி எழுதியிருந்தீர்கள். தேசியக் கூட்டமைப்பே சொன்ன கணக்கு, 2018-19-க்குப் பிறகு எல்லா விளையாட்டிலும் சேர்த்து சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகினார்கள். எங்கள் கேலரியில் இதைச் சொன்னேன். ஒருவர், "அதில் இவரும் ஒருவராக இருந்திருக்கலாம்" என்று மைதானத்தைக் காட்டினார். என்ன செய்வது.

ஒஹாயோக்காரன்:

நெல்லையான் அண்ணன் சொன்னதில் டிவி விஷயத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறு. விதிக்காக டிவி பார்க்க வேண்டாம், சரி. கால் எங்கே போகிறது என்று பார்க்க டிவி நல்லது, அதிலும் கல்லூரி ஆட்டம். பந்தை விட்டுவிட்டு அம்பயரை மட்டும் பாருங்கள். ஆனால் அங்கே மூன்று, நாலு பேர் இருப்பார்கள், நமக்கு இரண்டே பேர். ஆகவே பார்ட்னரோடு பேசுவதுதான் முதல் தயாரிப்பு.

உதாரணத்துக்கு முதல் பேஸில் மட்டும் ரன்னர், பந்து அவுட்ஃபீல்டுக்குப் போகிறது. மூன்றாவது பேஸ் யாருடையது? ரன்னர் மூன்றாவதுக்குப் போனால் பிளேட் அம்பயர் ஃபவுல் பக்கமாக ஓடிவந்து எடுப்பார், பேஸ் அம்பயருக்கு முதல், இரண்டாவது. போன வருடம் நான் பேஸில். பேசி வைக்கவில்லை. மூன்றாவதுக்கு நானும் ஓடினேன், அவரும் வந்தார், ஒருவர் அவுட், ஒருவர் சேஃப். இரண்டு கோச்சும் ஒரே நேரத்தில் வந்தார்கள், இரண்டு பேரும் சொன்னது நியாயம். இப்போது கார் நிறுத்துமிடத்தில் ஷூ மாட்டும்போதே பத்து நிமிடம் பேசிவிடுகிறேன்: இன்ஃபீல்ட் ஃப்ளை (உள்மைதானத்தில் உயரப் போகும் சுலபக் கேட்சுக்கு பேட்டரை உடனே அவுட் கொடுப்பது) இருந்தால் என்ன சைகை, இரண்டு அவுட்டில் ரன் முந்தியதா அவுட் முந்தியதா என்று பார்க்க வேண்டி வந்தால் மணிக்கட்டில் தட்டுவது, செக் ஸ்விங் (பேட்டர் வீச்சைப் பாதியில் நிறுத்துவது) யார் கேட்பது.

அப்புறம் சின்ன விஷயம். முகமூடியை இடது கையால் கழற்றுங்கள், கிளிக்கரும் இடது கையில். வலது கை காலியாக இருக்க வேண்டும். பிளேட்டைத் துடைக்கும்போது முதுகு மைதானத்துக்கு, முகம் கேலரிக்கு. உபகரணத்தில் காசு மிச்சம் பிடிப்பதானால் சட்டையில் பிடியுங்கள், முகமூடியிலும் பிளேட் ஷூவிலும் வேண்டாம். என் கால் கட்டைவிரல் நகம் சாட்சி.

மோரிஸ்வில் அப்பா (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. முன்பே எழுதியிருக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று ஆட்டம் வந்துவிட்டது.

புல்பென் யோசனைக்கு அண்ணனுக்குத் தனி நன்றி. இரண்டு பள்ளிக்குப் போனேன். கண் மூடுவது இருபது பந்தில் நிற்கவில்லை, அறுபது ஆயிற்று. மூன்றாவது நாள் அந்த கோச் வந்து, "நீங்கள் உள்பக்கப் பந்துக்கு நகர்ந்துகொள்கிறீர்கள்" என்றார். பவுன்சருக்கு விலகின பழக்கம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

நேற்று முதன்முறையாகப் பிளேட். இங்கே பைன் மரப் பூந்தூள் கொட்ட ஆரம்பித்துவிட்டது, காரெல்லாம் மஞ்சள், பிளேட்டும் மஞ்சள். ஒவ்வொரு பேட்டருக்கும் துடைத்தேன். நாலாவது இன்னிங்ஸில் முதலிலும் இரண்டாவதிலும் ரன்னர்கள், ஒரு அவுட், செகண்ட் பேஸுக்குத் தரையோடு பந்து. முதல் பேஸிலிருந்து வந்த ரன்னர் பேஸை விட்டு ஷார்ட்ஸ்டாப்பின் முழங்காலை நோக்கிச் சறுக்கினான். பேஸ் அம்பயர் கை தூக்கி "டைம்" சொல்லி இரண்டு பேரையும் அவுட் கொடுத்தார். அதற்குள் இரண்டாவதிலிருந்து கிளம்பினவன் என் முன்னால் பிளேட்டை மிதித்துவிட்டான். அது மூன்றாவது அவுட் ஆகிவிட்டதால் ரன் இல்லை. நான் "நோ ரன்" என்று ஸ்கோரரிடம் நடந்து போய்ச் சொன்னேன், ஸ்கோர்புக் அம்மா கவனிக்கவும். அதே நேரம் பேட்டிங் கோச் பேஸ் அம்பயரிடம் போய், "பேட்டர் என்ன தப்பு செய்தான்?" என்றார். ஃபோர்ஸ் பிளே சறுக்கல் என்றார் இவர். அவ்வளவுதான், திரும்பிவிட்டார்.

ஒரு தப்பும் நடந்தது. கடைசி இன்னிங்ஸ், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக், வெளியே தாழ்வாக ஒரு கர்வ். "ஆச்சா" என்று கேட்டேன். "ஆச்சு" வருவதற்கு முன்பே பேட்டர் முதல் பேஸுக்குக் கிளம்பிவிட்டான். அவன் கிளம்பியதைப் பார்த்து நானும் "பால்" என்றுவிட்டேன். கேட்சர் கையுறையை அசைக்கவே இல்லை, பந்து முழங்காலுக்கு மேலே, ஓரத்தில் அப்படியே இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் ரன் எடுக்கவும் இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜெர்சி நெல்லையான்:

கேட்சரிடம் ஏதாவது சொன்னீர்களா?

மோரிஸ்வில் அப்பா:

அடுத்த பேட்டர் வருவதற்குள் பிளேட்டைத் துடைக்கக் குனிந்தேன். "அதை நான் விட்டுவிட்டேன்" என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். "தெரியும் சார்" என்றான்.

ஜெர்சி நெல்லையான்:

சரி. அடுத்த ஆட்டம் எப்போது?

மோரிஸ்வில் அப்பா:

வியாழக்கிழமை, பேஸில். மழை வரும் என்கிறார்கள்.